பதில் எழுத சோம்பல்பட்ட ஒரு பெரிய மனிதர்

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைக் கண்டுபிடித்தவர் அன்பு பொங்கி வழிந்துதான் அதைச் செய்திருப்பார் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்களா? ஸாரி. மேஜைமேல் குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத நேரமில்லை, எழுதாவிட்டால் மரியாதை போய்விடும் என்ற பயத்தில் செய்தார். ஆசாமியின் பெயர் ஹென்றி கோல். ஊர் லண்டன். வருஷம் 1843. வியாதி, இன்பாக்ஸ் நிரம்பி வழிதல்.

கோல் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1851-ல் லண்டனையே அமர்க்களப்படுத்திய மாபெரும் கண்காட்சியின் மூளைகளில் ஒருவர். இன்றைக்கு விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் என்று நிற்கிறதே, அதன் முதல் டைரக்டர். பிற்பாடு 'சர்' பட்டம் வேறு. நடுவில் ஃபீலிக்ஸ் சம்மர்லி என்ற புனைபெயரில் ஒரு டீ செட்டை டிசைன் பண்ணிப் பரிசும் வாங்கியிருக்கிறார். இத்தனைக்கும் நேரம் இருந்தது. பண்டிகைக்கு நலம் விசாரித்து எழுதிய உறவுக்காரருக்கு நாலு வரி பதில் போடத்தான் இல்லை.

இந்த வினையை விலைக்கு வாங்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1840-ல் ரோலண்ட் ஹில் பென்னி தபாலைக் கொண்டுவந்தபோது கூடவே நின்று வேலை பார்த்தவர் கோல்தான். அதற்கு முன்பு பெரும்பாலும் கடிதம் வாங்குகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். அதனால் ஜனங்கள் யோசித்து யோசித்துத்தான் பாசம் காட்டினார்கள். ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்றதும், ஃப்ரீ எஸ்எம்எஸ் பேக் போட்ட காலேஜ் பையன் மாதிரி ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். கோல் திறந்துவிட்ட மதகுத் தண்ணீர் கோல் வீட்டு வாசலுக்கே வந்தது.

ரோலண்ட் ஹில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டாம்ப்பை விட, தான் கொண்டுவந்த அலங்காரக் கவர்தான் பிய்த்துக்கொண்டு போகும் என்று அவர் நம்பினார். வில்லியம் முல்ரெடி என்ற பெரிய ஓவியரைப் பிடித்து வரையச் சொன்னார். நடுவில் பிரிட்டானியா அம்மையார் இரண்டு கையையும் விரித்து உலகமெங்கும் தூதர்களை அனுப்புகிறார். சுற்றிலும் யானை, ஒட்டகம், கப்பல் என்று ஒரு சாம்ராஜ்யமே கவர்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஜனங்கள் பார்த்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதைக் கேலி செய்து கவர் போட்டே சிலர் காசு பார்த்தார்கள். அரசாங்கம் வாபஸ் வாங்கியது. மிச்சமிருந்த கவர்களை ஒழிக்கத் தனியாக ஒரு மெஷினே செய்ய வேண்டியிருந்தது.

சரி, கோலுக்கு வருவோம். நண்பர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கூப்பிட்டு ஒரு படம் வரையச் சொன்னார். நடுவில் ஒரு குடும்பம், பாட்டி முதல் பேத்தி வரை, கையில் ஒயின் கோப்பையைத் தூக்கிச் சியர்ஸ் சொல்கிறது. இரண்டு ஓரத்திலும் ஏழைகளுக்குச் சாப்பாடு, துணி தருகிற காட்சி. அந்தக் காலத்து சிஎஸ்ஆர் போட்டோ. கீழே கிறிஸ்துமஸ், புது வருஷ வாழ்த்து, பெயரை மட்டும் நிரப்பிக்கொள்ள காலி இடம். ஆயிரம் பிரதி அச்சாகி, ஒவ்வொன்றுக்கும் கையாலேயே கலர் பூசினார்கள். தனக்கு வேண்டியது போக மிச்சத்தைக் கோல் விற்பனைக்கு விட்டார். விலை ஒரு ஷில்லிங். ஒரு கார்டு விலையில் பன்னிரண்டு பேருக்கு நிஜக் கடிதமே அனுப்பியிருக்கலாம்.

அடுத்தது சர்ச்சை. படத்தில் ஒரு சின்னக் குழந்தைக்கும் ஒயின் ஊட்டுகிறார்களே என்று மதுவிலக்குக்காரர்கள் கொதித்தார்கள். கடைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் கார்டு ரிலீஸான கையோடு கண்டனம் வாங்கியது. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். குழந்தை கையில் கோப்பை கொடுத்த அதே ஹார்ஸ்லி, வயதான காலத்தில் ஒழுக்கக் காவலராகி, ஓவியர்கள் ஆடையில்லாத மாடல்களை வைத்து வரையவே கூடாது என்று பத்திரிகையில் சண்டை போட்டார். ஊர் அவருக்குத் துணி காயப்போடும் ஸ்டாண்டின் பேரையே பட்டமாகச் சூட்டியது: 'க்ளோத்ஸ் ஹார்ஸ்லி'.

அந்த ஆயிரத்தில் பிழைத்துக் கிடப்பவை சொற்பம். கோல் தன் பாட்டிக்கு அனுப்பிய கார்டு 2001-ல் ஏலத்துக்கு வந்து இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் போனது. பாட்டிக்குக்கூட உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதவில்லை, கவனித்தீர்களா?

கோலின் கை நம் ஊர் வரைக்கும் நீண்டது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற ராணுவ டாக்டர் 1850-ல் சொந்தக் காசைப் போட்டு சென்னையில் ஒரு ஓவியப் பள்ளி ஆரம்பித்தார். இன்று பெரியமேட்டில் இருக்கும் கவின்கலைக் கல்லூரியின் மூதாதை அதுதான். நாள்பட, இந்த மாதிரிப் பள்ளிகளுக்கெல்லாம் லண்டன் சவுத் கென்சிங்டன் பாணி டிராயிங்தான் பாடம். அந்த சவுத் கென்சிங்டன் ராஜ்யத்தை ஆண்டவர் கோல். கோபுரத்தில் ஆயிரம் சுதைச் சிற்பம் வைத்திருக்கிற ஊருக்குக் கோடு போடுவது எப்படி என்று சொல்லித்தர ஆள் அனுப்பினார்கள்!

கார்டில் கையால் பூசிய கலர், பிறகு அச்சிலேயே மலிந்த கதை இன்னும் தமாஷ். ஆலாய்ஸ் செனஃபெல்டர் என்று மியூனிக்கில் ஒரு நாடக ஆசிரியர். நாடகம் போணியாகவில்லை. அச்சடிக்கக் காசில்லாமல் தானே அச்சு வழி தேடிக்கொண்டிருந்த 1796-ல் ஒரு நாள், அம்மா சலவைக் கணக்கை எழுதிக்கொள்ளச் சொன்னாளாம். பக்கத்தில் காகிதம் இல்லை. கையில் இருந்த எண்ணெய்ப் பசை மையால் ஒரு சுண்ணாம்புக் கல்லின் மேலேயே எழுதினார். அதில் பிறந்ததுதான் லித்தோ என்ற கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான் சூட்சுமம். மை பட்ட இடம் மையை வாங்கும், ஈரமான இடம் தள்ளும். அவர் எழுதிய நாடகங்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. வண்ணானுக்குப் போட்ட லிஸ்ட் உலகத்தை மாற்றியது.

ஜெர்மனிக்காரர்கள் அந்தக் கல்லை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஒரு படத்துக்குப் பத்துப் பதினைந்து கல், ஒவ்வொன்றும் ஒரு கலர். அச்சடித்த ரோஜாவையும் தேவதையையும் புடைப்பாக அழுத்தி, ஓரம் பிசகாமல் அச்சுக் கத்தியால் வெட்டி, ஷீட் ஷீட்டாக ஏற்றுமதி செய்தார்கள். விக்டோரியா காலத்துச் சீமாட்டிகள் அவற்றை வாங்கி ஆல்பத்திலும் கார்டிலும் ஒட்டினார்கள். இன்று தி.நகரில் 'டை கட்' என்று தனி பாக்கெட்டில் விற்கிற சமாச்சாரத்தின் கொள்ளுப்பாட்டி இது. ஆனால் அந்தச் சீமாட்டிகளின் ரசனையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். செத்துக் கிடக்கும் குருவி, கத்தியால் குத்திக்கொள்ளும் தவளைகள், இதெல்லாம் அந்தக் காலத்து கிறிஸ்துமஸ் கார்டில் நிஜமாகவே வந்த படங்கள். அதை வாங்கியவர் எந்த மனநிலையில் ப்ளம் கேக் சாப்பிட்டிருப்பார்?

இந்த ஜெர்மன் வித்தை இந்தியாவுக்கு வந்த கதையில் நம்ம ராஜா ரவி வர்மா வருகிறார். அரண்மனை அரண்மனையாகப் போய்ப் படம் வரைந்தவருக்கு பிசினஸ் ஆசை வந்தது. 1894-ல் பம்பாயில் பிரஸ் போட்டார். ஜெர்மன் மெஷின், ஜெர்மன் ஆட்கள். லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாகப் போனார்கள். செல்வத்துக்கு அதிபதியான லட்சுமியை ஆயிரக்கணக்கில் அச்சடித்த பிரஸ், கடனில் மூழ்கியது. கடைசியில் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரரிடமே விற்றுவிட்டுக் கையைக் கழுவினார்.

நம் வீட்டுப் பெண்கள் அந்தப் படத்தை வாங்கி அப்படியே மாட்டினார்களா? மாட்டவில்லை. லட்சுமியின் புடவைக்கு நிஜ ஜரிகை, நகைக்கு ஜிகினா, தாமரைக்குச் சம்கி என்று ஒட்டி, தைத்து, தெய்வத்தையே ரீடச் செய்தார்கள். செட்டிநாட்டுப் பக்கம் இன்றும் அந்தப் படங்களைப் பார்க்கலாம். இதே காரியத்தை இன்று அடையாறில் சனிக்கிழமை வொர்க்‌ஷாப்பில் செய்தால் பெயர் 'மிக்ஸட் மீடியா', ஃபீஸ் தனி.

சிவகாசியில் கதை வேறு தினுசு. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டி செய்தால் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்கு பிரஸ் வேண்டும். பிரஸ் வந்தால் அது சும்மா நிற்குமா? காலண்டர், டைரி, கடைசியில் பொங்கல் வாழ்த்து. மழை பெய்யாத ஊர்தான் தமிழ்நாட்டு அறுவடைத் திருநாளின் அத்தனை பச்சை வயலையும் அச்சடித்துக் கொடுத்தது.

அந்தப் பொங்கல் கார்டுகளை ஞாபகம் இருக்கிறதா? ஜனவரி பிறந்ததும் பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் கயிறு கட்டி, க்ளிப் மாட்டித் தொங்கவிடுவார்கள். (சௌந்தரபாண்டியனார் என்ற முழு மனிதரையே 'பாண்டி' என்று டை கட் செய்த தெரு அது.) ஒரு பக்கம் பானை, கரும்பு, மாடு. இன்னொரு பக்கம் எம்.ஜி.ஆர்., சிவாஜி. பிறகு ரஜினி, கமல். ரஜினி ரசிகனுக்குக் கமல் கார்டு அனுப்பி வெறுப்பேற்றுவது வாழ்த்தில் சேர்த்தியா என்று கேட்காதீர்கள். அதற்காகவே கார்டு வாங்கிய நல்ல உள்ளங்கள் உண்டு.

பொங்கல் கார்டில் ஒரு நுணுக்கமான சிக்கலும் இருந்தது. சூரியன் இல்லாமல் பொங்கல் வரைய முடியாது. இரண்டு மலைக்கு நடுவில் சூரியன் எழுந்தால் அது தி.மு.க. சின்னம். எதிர்க் கட்சிக்கார மாமாவுக்குக் கார்டு வாங்குகிறவர், சூரியன் உச்சிக்கு வந்த படமாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஆட்சியும் அட்டையோடு விளையாடியது. 2008-ல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது. 2011-ல் ஆட்சி மாறியதும் ரத்தாகி, சித்திரைக்கே திரும்பியது. புத்தாண்டு வாழ்த்தை எந்த மாதம் அனுப்புவது என்று தெரிந்துகொள்ள பஞ்சாங்கம் போதவில்லை, கெஜட் பார்க்க வேண்டியிருந்தது.

அனுப்பும் செலவில் நாம் காட்டிய சாமர்த்தியம் தனிப் புராணம். கவரை ஒட்டாமல், மூடியை உள்ளே செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதினால் ஸ்டாம்ப் செலவு குறைவு. ஆனால் உள்ளே கடிதம் எழுதக் கூடாது. பிரமாதம்! எழுதாமல் இருக்க அரசாங்கமே தள்ளுபடி தந்தது. 'இப்படிக்கு' போட்டு ஒரு கையெழுத்து, முடிந்தது பாசம். தந்தி இலாகா இன்னும் ஒரு படி மேலே போய் வாழ்த்துகளுக்கு நம்பரே போட்டு வைத்திருந்தது. கல்யாணத்துக்கு ஒரு நம்பர், தீபாவளிக்கு ஒரு நம்பர். நம்பரைச் சொன்னால் அந்தப் பக்கம் வாசகமாகப் போய் இறங்கும். 2013 ஜூலையில் தந்தியை மூடும்வரை இப்படி எண்களால் நெகிழ்ந்த தேசம் இது.

ஸ்டாம்ப்பே ஒட்டாமல் கடிதம் பரிமாறிய இடமும் தென் சென்னையில்தான் இருக்கிறது. 1882-ல் மேடம் பிளாவட்ஸ்கியும் கர்னல் ஆல்காட்டும் பிரம்மஞான சபையை அடையாறுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மையாரின் அறையை ஒட்டி ஒரு அலமாரி. இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்களுக்குச் சீட்டு எழுதி அதில் வைத்தால் பதில் வரும். சில கடிதங்கள் கூரையிலிருந்தே விழுந்தன. நீலத்திலும் சிவப்பிலும், காகிதத்துக்குள்ளேயே ஊறினாற்போல எழுத்து. பேனாவால் எழுதியது இல்லை, மனசால் 'படிய வைத்தது' என்று விளக்கம். இங்க் பேட் கம்பெனிகள் இதை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளாதது ஆச்சரியம்.

இதில் ஒரு ரத்தினம் உண்டு. கூத் ஹூமி என்ற மகாத்மா, சின்னெட் என்ற பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதம் புத்தகத்தில் வெளியானது. அதைப் படித்த ஹென்றி கிடில் என்ற அமெரிக்கர், ஐயா, இதில் ஒரு பகுதி நான் மேடையில் பேசியது என்று 1883-ல் பத்திரிகைக்கு எழுதிவிட்டார். மகாத்மாவிடமிருந்து விளக்கம் வந்தது: களைப்பாக இருந்தேன், சீடன் படிய வைத்ததில் பிசகு. காலையில் பூங்கொத்துப் படத்தோடு 'ஃபார்வர்டட்' வாழ்த்து அனுப்பும் உங்கள் பெரியப்பாவை இனிமேல் திட்டாதீர்கள். அவர் பெரிய பரம்பரை.

1884-ல் சபையிலிருந்து வெளியேற்றப்பட்ட வீட்டுப் பொறுப்பாளர் எம்மா கூலோம், எல்லாம் செட்டப் என்று மிஷனரிகளிடம் போனார். மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசின் அதை வெளியிட்டு ஊரைக் கலக்கியது. லண்டனிலிருந்து ஹாட்ஜ்சன் என்ற ஆய்வாளர் வந்து விசாரித்து மோசடி என்று 1885-ல் அறிக்கை கொடுத்தார். நூறு வருஷம் கழித்து, 1986-ல், வெர்னான் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர் அந்த அறிக்கையே ஒருதலைப்பட்சம் என்று எழுதினார். சின்னெட்டுக்கு வந்த கடிதங்கள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் பத்திரமாக இருக்கின்றன. எழுதியது யாராக இருந்தாலும் சரி, உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினார் பாருங்கள், கோலுக்கு வராத பொறுமை அது.

இப்போது இன்றைய நிலவரம். வாட்ஸ்அப் வந்தது, கார்டு செத்தது என்று எல்லோரும் எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்ட நேரத்தில், மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் அது கைவேலையாக எழுந்து உட்கார்ந்துவிட்டது. டைனிங் டேபிள்மேல் 300 ஜிஎஸ்எம் அட்டை. பக்கத்தில் கைப்பிடி போட்ட ஒரு சின்ன மெஷின். மெல்லிசான ஸ்டீல் அச்சை அட்டைமேல் வைத்து, மேலும் கீழும் பிளாஸ்டிக் தட்டு கொடுத்து, உருளைகளுக்கு நடுவில் விட்டுச் சுற்றினால் நொறுக் என்று ஒரு சத்தம். பூ வெட்டியாயிற்று. முறுக்கு அச்சைப் பிழிந்து பழகிய கைக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை. வாழ்த்து சொல்கிற நேரத்தை மிச்சம் பிடிக்க வந்த அட்டைக்கு இப்போது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகிறது.

வெட்டுகிற உருவங்களைப் பார்த்தால்தான் சிரிப்பு. அச்சுகள் பெரும்பாலும் வெளிநாட்டு டிசைன். பனித்துகள், பனிமான், மேப்பிள் இலை. ஃபேனை நிறுத்தினால் டிசம்பரிலும் வியர்க்கிற தி.நகரில் உட்கார்ந்து ஆறு கோணப் பனித்துகள் வெட்டுகிறோம். நமக்கென்று ஒரு டிசம்பர் சீசன் இருக்கிறதே! வடகிழக்குப் பருவமழை, புயலுக்கு ஒரு பேர், முழங்கால் தண்ணீர். தி.நகரே 1920-களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர். மழை வந்தால் ஏரி பழைய விலாசத்துக்குத் திரும்பி வந்து பார்க்கிறது. நியாயமான சீசன் கார்டு என்றால் அதில் குடையும் படகும்தான் வெட்ட வேண்டும்.

அப்புறம் இங்க். இந்த ஊர் ஈரப்பதத்தில் பிக்மென்ட் இங்க் காய்வதற்குள் கை பட்டுச் சூரியன் தீற்றிவிடும். ஹீட் கன் வைத்திருப்பவர் பிழைத்தார், இல்லாதவர் தலைமுடி டிரையரைத் தேடுவார். இதிலும் உச்சம், புது அட்டையைப் பழசு போலக் காட்டுவதற்கென்றே விற்கிற இங்க். ஓரமெல்லாம் பழுப்பு தேய்த்து ஐம்பது வருஷக் கிழடாக்குகிறார்கள். நிஜமாகவே ஐம்பது வருஷம் பழுத்த தாத்தாவின் கடிதக் கட்டு பரணில் இருந்தது. அதைப் போன மாதம்தான் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டார்கள்.

ஓரத்தில் கலர் தேய்ப்பது ஏதோ அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது போல வீடியோவில் சொல்லித்தருகிறார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் எந்தப் பாட்டியாவது வெளியே அனுப்பியிருக்கிறாளா? ஸ்பாஞ்சு இல்லை, பிளண்டிங் பிரஷ் இல்லை, ஆள்காட்டி விரல் ஒன்றுதான். ஐந்நூறு பத்திரிகை, இரண்டாயிரம் மூலை, ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டுக் காபிக்குப் போவாள்.

இந்த மாதிரிக் காகிதத்தையெல்லாம் மதித்த ஒரு மனிதர் கோட்டையூரில் இருந்தார். ரோஜா முத்தையா. சைன்போர்டு எழுதுவது தொழில். மற்றவர்கள் குப்பை என்று போட்ட கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாவற்றையும் லட்சத்துக்கு மேற்பட்ட புத்தக, பத்திரிகைகளோடு சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வந்து அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் அது நூலகமானது. இப்போது அடையாறிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில், தரமணியில் இருக்கிறது. தமிழ் ஆராய்ச்சி செய்கிற பெரிய பெரிய புரொபசர்கள் வந்து, நம் தாத்தாக்கள் தூக்கிப் போட்ட நோட்டீஸைக் கையுறை போடாத குறையாகப் புரட்டுகிறார்கள்.

ஆகவே கார்டு செய்யுங்கள், தாராளமாக. வெட்டுங்கள், ஒட்டுங்கள், மையைக் கையிலும் மூக்கிலும் தீற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். 'பொங்கல் வாழ்த்துகள்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திய கையோடு மூடிவிடாதீர்கள். உள்ளே சொந்தமாக இரண்டு வரி எழுதுங்கள், இனிமேல் புக் போஸ்ட் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. முத்து, கல், ரிப்பன் என்று மூன்று மாடி கட்டிய கார்டைத் தெருமுனைத் தபால் பெட்டியில் செருகாதீர்கள். கவுண்டரில் கொடுத்து எடை போடச் சொல்லுங்கள். ஸ்டாம்ப் குறைந்தால் குறைந்த தொகையை இரண்டு மடங்காக வசூலிப்பார்கள், அதுவும் உங்களிடம் இல்லை, வாழ்த்து வாங்குகிறவரிடம்.